அடுத்த ஆட்டம் வரை ஒரு சிவப்புத் தொப்பி

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலரும், அட்டைப்படத்தில் அண்ணனின் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் வேலை பார்த்த கல்லூரியின் நிறம் நீலம். சிவப்பு, எதிரணியின் நிறம். அந்தத் தொப்பியை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போனார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்றால், அவர் முடிக்காததுதான் அதற்குக் காரணம். நர்ஸான அண்ணிக்கு 1990இல் டெக்சாஸில் வேலை கிடைத்தபோது உடன் வந்தார். கல்லூரி ஃபுட்பால் மைதானத்தில் புல் வெட்டி வெள்ளைக் கோடு போடும் வேலை அமைந்தது. நம்மூர்க் கால்பந்து அல்ல. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். கோடு போட்டுப் போட்டே அதைக் கற்றுக்கொண்டார். பிறகு என்னையும் படிக்க வரவழைத்தார்.

ஓர் ஆட்டத்தன்று காலை, எதிரணியின் வாத்தியக் குழுவுக்கு டிரம் இறக்க வந்த மாணவர் ஒருவர் ஈரக் கோட்டில் காலை வைத்துவிட்டார்.

“கண்ணு தெரியலியாடே?” என்று அண்ணன் தமிழிலேயே கத்தியிருக்கிறார்.

“ஏனுங்ணா, நீங்க நம்மூருங்களா?” என்று அவர் மற்றக் காலையும் கோட்டில் வைத்து நின்றாராம்.

பொள்ளாச்சிக்காரரான செல்வராசு அவர்கள் எங்களுக்குச் சொந்தமானது அப்படித்தான். அன்றே இருவரும் ஒரு பந்தயம் வைத்தார்கள். தோற்ற அணிக்காரர், ஜெயித்த அணியின் தொப்பியை அடுத்த ஆட்டம் வரை வெளியே போகும்போதெல்லாம் போட வேண்டும். இரண்டு அணிகளும் கான்ஃபரன்ஸ் எனப்படும் ஒரே போட்டிக் கூட்டமைப்பில் இருந்து ஆண்டுதோறும் மோதியதால், அது ஒரு வருடத்து விளையாட்டாகவே இருந்தது.

பிறகு அந்தக் கான்ஃபரன்ஸில் அணிகள் கூடின. வடக்கு, தெற்கு என்று பிரித்ததில் எங்கள் அணி ஒரு பிரிவிலும் அவர்கள் அணி மறு பிரிவிலும் விழுந்தன. எதிர்ப்பிரிவு அணியோடு இரண்டு ஆண்டு ஆடினால், அடுத்த இரண்டு ஆண்டு ஆட்டம் கிடையாது. 1997இல் நாங்கள் தோற்றோம். அதற்குப் பின் வந்த அட்டவணையை அண்ணனுக்கு வாசித்தவன் நான்.

“நல்லா பாத்து வாசிடே.”

“பாத்துட்டேண்ணே. அடுத்த வருசமும் இல்ல, அதுக்கடுத்த வருசமும் இல்ல. ரெண்டாயிரத்துலதான்.”

“ஒரே கூட்டத்துல இருந்துக்கிட்டு மூஞ்சியப் பாக்க மாட்டானுவளா?”

செல்வராசு அவர்கள் போனில் சிரித்தார்: “மூணு வருசமுங்ணா! தொவச்சுத் தொவச்சுப் போடுங்க.”

அண்ணன் துவைத்துத் துவைத்துத்தான் போட்டார். மைதானத்துக்குள் கூடாது என்று மேலாளர் சொன்னதால், கேட் வரை போட்டு வந்து பின் பாக்கெட்டில் செருகிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குள் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். ஆனால் ஆட்டம் இல்லாததால் செல்வராசு அவர்கள் வரவில்லை, அண்ணனும் போகவில்லை. அதற்குள் செல்வராசு அவர்கள் வேலை கிடைத்து, டெக்சாஸிலேயே இருக்கும் ஆலன் ஊருக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேர டிரைவ்தான்.

1999 கடைசியில் அண்ணனுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆட்டம் இருந்தாத்தான் வருவீரோ?” என்று அண்ணன் கேட்டார்.

“நீங்க மட்டும் வந்துட்டீங்களாக்கும்?”

பிறகு செல்வராசு அவர்கள் மெல்ல, “போதுமுங்ணா. தொப்பியக் குடுத்துருங்க,” என்றார்.

“ஆட்டம் ஆடாம எப்படிவே குடுக்கது? வாற அக்டோபர்ல ஜெயிச்சு, எங்கையால தாறேன்.”

அண்ணனுக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான். அதன்பின் ஆட்டம் இல்லாத சனிக்கிழமைகளிலும் செல்வராசு அவர்கள் வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, எந்த அணி உருப்படாதது என்று அண்ணனோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையில் அண்ணன் இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடிப்பார்.

அக்டோபர் வரை அவர் இருக்கவில்லை. வசந்தத்திலேயே போய்விட்டார். சவப்பெட்டியை மூடும் முன் அண்ணி தொப்பியை உள்ளே வைக்கப் போனார்கள். செல்வராசு அவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தார். “வேண்டாமுங்க்கா. ஆட்டம் பாக்கி இருக்குது.”

அக்டோபரில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தொப்பி என் மடியில் இருந்தது. அண்ணன் சொன்னபடி கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கொண்டுபோனேன். எங்கள் அணியின் கடைசி உதையில் பந்து கம்பத்துக்கு வெளியே போனது, தோற்றோம். சுற்றியிருந்த சிவப்புச் சட்டைக்காரர்கள் எழுந்து குதித்தார்கள். செல்வராசு அவர்கள் மட்டும் எழவில்லை.

“நீங்களாச்சும் குடுத்துருங்க, தம்பி,” என்றார்.

நான் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தேன். தளர்வாக இருந்தது. அண்ணன் வைத்த அளவை இன்றுவரை மாற்றவில்லை.

நோயில் தூக்கிப் பிடித்த நர்ஸ் தோழியர், அண்ணன் படுத்த பிறகு அவர் பங்குக் கோடுகளையும் சேர்த்துப் போட்ட மைதானத்துத் தோழர்கள், அண்ணியைத் தனியாக விடாத கோவில் குடும்பங்கள், சனிக்கிழமைகளைத் தந்த செல்வராசு அவர்கள் எல்லோரையும் எங்கள் வீடு கைகூப்பி நினைக்கிறது. முதலாண்டுப் பூசைக்கு வருகிறவர்கள் என்னைத் தேட வேண்டாம். வாசலில் சிவப்புத் தொப்பியோடு நிற்பேன். உள்ளே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன்.