பெரியப்பாவின் கணப்பு அடுப்புக்கு ஒரு பலகை

எங்கள் தெருவுக்கு வரும் லாரிகளில் நெல் மூட்டை இருக்கும், இல்லாவிட்டால் சவுக்குக் கட்டை இருக்கும். ஐப்பசித் தூறலில் வந்து நின்ற அந்த லாரியிலிருந்து ஆட்கள் மூச்சு வாங்க இறக்கி வைத்ததோ ஓர் இரும்பு அடுப்பு. கறுப்பாக, குட்டிக் கால்களும் முன்பக்கம் ஒரு கதவுமாக, எருமைக்கன்று ஒன்று தெருவில் வந்து நின்றுவிட்டதைப் போல இருந்தது. கூடவே நீளமாக ஒரு புகைக் குழாய். எல்லாவற்றுக்கும் பின்னால், தோளில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் பெரியப்பா இறங்கினார்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் இளவயதிலேயே நீலகிரிப் பக்கம் போய், ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து, சாப்பிட்டு முடித்த கையோடு பஸ் ஏறிவிடுவார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். இப்போது துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சொந்த நாட்டுக்குப் போய்விட்டாராம். போகும்போது, உனக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாராம். வெள்ளிக் கரண்டியும் கடிகாரமும் இருந்த வீட்டில் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டது இந்த அடுப்பை.

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அடுப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

"இன்னாபா இது, கொல்லம்பட்டறை வெக்கப் போறியா?"

"குளிர் காயுற அடுப்புபா. அங்க இதைக் கணப்புன்னு சொல்லுவோம்."

"நம்மூர்ல அடிக்கிற வெயிலுக்கு நடுவூட்டுல நெருப்பு மூட்டிக்கினு வேற உக்காரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, அடுப்பைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "வாண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான் இருந்தோம். அம்மா பிரசவத்துக்காக ஐயம்பேட்டையில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி சின்னவன் என்று கூட்டிக்கொண்டு போனாள். நான் பெரியவள், பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டுப் போனாள். எனக்குப் பத்து வயது. அப்பா காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தால், அதன் பிறகு தறிதான் பேசும். மழையில் தறியில் பூட்டிய பாவு நூல் ஈரம் பிடித்து இழை இழையாக அறுந்துகொண்டிருந்ததால், அவரிடம் எதையும் கேட்கவும் பயம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடத்து மூலையில் நான் தனியாக அஞ்சாங்கல் ஆடுவேன். வலது கை நான், இடது கை என் சிநேகிதி. சிநேகிதிதான் எப்போதும் தோற்பாள்.

அதனால் பெரியப்பா வந்தது எனக்கு ஒரு திருவிழா மாதிரி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையை அவர் தானே ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, சுவரோரமாக அடுப்பை நகர்த்தி வைத்தார். சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட்டார். பிறகு வாசற்படியில் நின்றுகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இன்னும் முடியலம்மா" என்றார். "இதுக்கு மேல சுவத்துல ஒரு பலகை இருக்கணும். பலகை இல்லாட்டி இது வெறும் இரும்பு. பலகை வந்தாத்தான் வூடு."

அடுப்புக்கு மேல் பலகை இருந்தால் அது எப்படி வீடாகும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பலகை வாங்க என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னதால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெரு ஆசாரியையும் அழைத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் பஸ்ஸில் போனோம். இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரம் எல்லாம் விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. போகும் வழியெல்லாம் ஆசாரி சொல்லிக்கொண்டே வந்தார்: "மரம் வாணாம்பா. சூட்டுக்கு வெடிச்சிடும். நல்லதா ஒரு கடப்பா கல்லு போட்டுடு, ஆயுசுக்கும் நிக்கும்."

"கல்லு வாணாம். சாயும்போது சில்லுன்னு இருக்கும்."

"அடுப்பு மேல போய் யாருபா சாயறது?"

பெரியப்பா ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடையில் அவர் பலகை பார்த்த விதத்தை இன்னமும் மறக்க முடியவில்லை. மாம்பலகை ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, சூட்டில் வளைந்துவிடும் என்று ஒதுக்கினார். வேங்கை நன்றாக இருந்தது. ஆனால் ஈரக்கை பட்டால் சாயம் விடும், புடவையில் ஒட்டிக்கொள்ளும் என்று அதையும் வேண்டாம் என்றார். யானைகள் நடுவே லட்சுமி உட்கார்ந்திருந்த ஒரு நிலைக்கட்டையை ஆசாரி ஆசையோடு தூக்கி வந்தார். சாமியை அடுப்புப் புகையில் வைக்கக் கூடாது என்று அதுவும் போயிற்று. எனக்குக் கால் வலித்தது. கடைக்காரர் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு ஒரு கதவின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில், கடையின் பின்கட்டில் சாத்தி வைத்திருந்த ஓர் ஊஞ்சல் பலகையின் முன் பெரியப்பா நின்றுவிட்டார். தேக்கு. நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டிய ஓட்டைகள். எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து, அதன் விளிம்பு கூழாங்கல்லைப் போல மழமழவென்று ஆகியிருந்தது. பெரியப்பா அதன் மேல் உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தடவினார்.

"இதுல ஜனங்க உக்காந்திருக்காங்க" என்றார், அதுவும் மரத்தின் ஒரு குணம் என்பதுபோல.

"ஓட்டையை அடைச்சிடறேன்" என்றார் ஆசாரி, வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்ற குரலில்.

பலகையைச் சுவரில் பொருத்தும்போதுதான் அடுத்த தகராறு வந்தது. அடுப்பிலிருந்து கை தூக்கும் உயரத்துக்கு மேலே வைத்தால்தான் பலகை பிழைக்கும் என்றார் ஆசாரி. பெரியப்பா வெகுவாகக் கீழே வேண்டும் என்றார். சுவரில் கரிக்கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். அப்புறம் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இங்க வந்து நில்லு. ஒரு செங்கல் மேல ஏறிக்க." ஏறினேன். கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு போட்டுக்கம்மா." இன்னொன்று போட்டேன். "ஆங்... அவ்ளோதான். இப்ப கைய மடிச்சி வெச்சி சாஞ்சிக்கற மாதிரி நில்லு."

காற்றில் கையை மடித்து, இல்லாத பலகையின் மேல் சாய்ந்து நின்றேன். என் முழங்கை இருந்த இடத்தில் அவர் கோடு போட்டார்.

"நீ ஆறடி ஆளு, இது உனுக்கு இடுப்புக்குத்தான் வரும்" என்றார் ஆசாரி.

"எனுக்கு இல்லபா."

அந்த இரண்டு சொற்கள் என்னைத் தூக்கிவாரிப் போட்டன. அவருக்கு இல்லை என்றால் யாருக்கு? செங்கல் மேல் ஏறி நின்றது நான்தானே! கொஞ்ச நாளில் நான் அந்த உயரத்துக்கு வளர்ந்துவிடுவேன், அதைக் கணக்குப் பண்ணித்தான் செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மா போனதிலிருந்து யாரும் என்னைச் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்காத வீட்டில், ஒரு மனிதர் ஊர் விட்டு ஊர் போய் எனக்காகப் பலகை தேடியிருக்கிறார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஆசாரி அலுத்துக்கொண்டே அடுப்பின் கால்களைக் கழற்றித் தரையோடு இறக்கினார். பலகையின் அடியில் விரல் இடைவெளி விட்டு ஒரு தகரத்தை அடித்தார். வேலை முடிந்ததும் பெரியப்பா கடைத்தெருவுக்குப் போய் ஒரு சின்னக் கண்ணாடி வாங்கி வந்து பலகைக்கு மேலே சுவரில் மாட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். என் நெற்றி மட்டும் தெரிந்தது. வளர்ந்தால் முகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம், பெரியப்பா முதல்முதலாக அடுப்பை மூட்டினார். சவுக்குக் கட்டை படபடவென்று பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தியதும் இடுக்கு வழியாகச் சிவப்பு வெளிச்சம் மட்டும் தரையில் விழுந்தது. அறை வெதுவெதுப்பாகி, சுண்ணாம்பின் ஈர வாசனை போய், பலகையிலிருந்து தேக்கு வாசனை வந்தது. நானும் பெரியப்பாவும் பாயில் உட்கார்ந்திருந்தோம். மலையில் பனி இறங்கினால் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது என்றார். விடியற்காலையில் தேயிலை பறிக்கப் போகிறவர்களுக்கு விரல் மரத்துப்போகும், உள்ளே வந்து இப்படிக் கையை நீட்டினால்தான் உயிர் வரும் என்று, ஒரு பெண்ணைப் போலக் கையை நீட்டிக் காட்டினார்.

தறிச் சத்தம் நின்றது. அப்பா வந்து வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, உக்காரு" என்றார் பெரியப்பா. "எல்லாம் ரெடி பண்ணிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னா, போய்க் கூட்டிக்கினு வந்துடுவேன். அது பாட்டுக்கு இங்கயே இருக்கும். முன்கட்டுப் பக்கம்கூட வராது."

அப்பா பலகையைப் பார்த்தார். அதன் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கமான விஷயமாக இருந்திருக்கும். அவர் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

"வாணாம்ணா. பொண்ணு இருக்குதுண்ணா."

பெரியப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆமா" என்றார். "இருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. பெரியப்பா வேறு யாரையோ அழைத்து வந்து இங்கே வைக்கப் பார்க்கிறார், அப்பா எனக்காகப் பரிந்து பேசி, பொண்ணு இருக்குது, அவளுக்குத்தான் இந்த அறை என்று சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அப்பா என்னைப் பொருட்டாக மதித்துப் பேசியது அந்த மாதத்தில் அதுவே முதல் தடவை.

மலையில் பெரியப்பாவோடு ஒரு பெண் வாழ்ந்துகொண்டிருந்ததை, எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் அம்மா சொன்னாள். தேயிலை பறிக்கிறவள். வேறு சாதி. தாலி கட்டாமலே பல வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். பங்களா போனதும் இருக்க இடமில்லாமல், அவளைச் சொந்த வீட்டுக்கு அழைத்து வரத்தான் தம்பியின் சம்மதம் கேட்டு வந்தாராம். கணப்புக்கு மேல் இருந்த பலகையில் சாய்ந்து நின்றே பழகியவள், இங்கே வந்தால் புது இடமாகத் தோன்றக் கூடாது என்று அடுப்பையும் தூக்கி வந்திருக்கிறார். அவள் வந்தால் நாளைக்கு எனக்கு எந்த வீட்டிலிருந்து மாப்பிள்ளை வருவான் என்று அப்பா பயந்தார். "உங்கப்பாவும் சரியா சாப்பிடலடி அப்புறம்" என்றாள் அம்மா.

அடுப்பு மூட்டியதற்கு மறுநாள் காலையில் பெரியப்பா கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா தறியில் உட்கார்ந்திருந்தாரே தவிர, தறி ஓடவில்லை. நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். எப்போதாவது வருவாரா என்று கேட்டதற்கு, பார்க்கலாம்மா என்றார். அடுப்பை எடுத்துப் போகவில்லையா என்றேன். தூக்கிப் போக ஆள் இல்லை என்றார்.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்று, அவருக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னேன்: "பெரிப்பா, நான் சீக்கிரம் வளந்துடுவேன். வளந்து அந்தப் பலகைல சாஞ்சிக்கினு நிப்பேன். நீ வந்து பாரு."

அவர் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்து, பஸ் நகர்ந்து, நான் கூடவே நாலடி நடந்த பிறகுதான் எடுத்தார். அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பிரிய முடியாமல்தான் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்காக அழ ஓர் ஆள் இருக்கிறார் என்ற சந்தோஷத்தில், வீடு வரைக்கும் ஓடியே போனேன்.