எதிர்வீட்டு ஸ்வெட்டர்

எங்கள் தெருவில் ஸ்வெட்டர் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பனியன் போட்டாலே வேர்க்கிற மதுரைத் தெப்பக்குளத்துப் பக்கத்தில் கம்பளிக்கு என்ன வேலை? எதிர்வீட்டுச் சௌராஷ்டிரக் குடும்பத்து அண்ணன் பட்டுநூல் வாங்க அடிக்கடி பெங்களூர் போய்வருவார். அரக்கு நிறத்தில் அவர் வைத்திருந்தது அது. கொடைக்கானலுக்கு யார் கிளம்பினாலும் அதை இரவல் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அங்கே எடுத்த போட்டோக்கள் பல வீட்டுச் சுவர்களில் தொங்கின. ஆள் மாறும், ஸ்வெட்டர் மாறாது.

ஒரே வருடத்தில் நாங்கள் இரண்டு தடவை கொடைக்கானல் போனோம். என் சிநேகிதிகளுக்கு வயிற்றெரிச்சல். அத்தையைப் பெண் பார்க்கத்தான் இத்தனையும் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டு வேண்டாம் என்று போனால் தெரு சிரிக்கும். ஏரிக்கரையில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்தித்தால் யாருக்கும் தெரியாது. இது அப்பாவின் யோசனை. தாய் தகப்பன் இல்லாத தங்கையைக் கரையேற்றாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் தடவை சித்திரையில். மதுரையே அங்கே வந்திருந்தது. வெயில் வேறு சுள்ளென்று அடித்தது. அத்தை போட்டோவுக்கு மட்டும் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, பிறகு மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை. வந்தவர்களுக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அத்தை என்னைக் குதிரை பார்க்க இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்தது தையில். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லிக்கொண்டே அம்மா புளியோதரை கட்டினாள். மாப்பிள்ளைக்கு மலையிலேயே அரசாங்க உத்தியோகம். பஸ்ஸில் அத்தை என் பக்கம் குனிந்தாள்.

“யாரு எது கேட்டாலும் உள்ளதச் சொல்லணும், என்ன? பெரியவுககிட்டப் பொய் சொல்லக் கூடாது.”

அவள் புத்திமதி சொல்கிற ஆளே இல்லை. ஆனாலும் சரி என்றேன்.

சித்திரையில் பார்த்த ஊர்தானா என்றிருந்தது. படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். குதிரைகளைக் காணோம். புல்மேல் உப்பைக் கொட்டியதுபோல உறைபனி. அம்மாவுக்குப் பல் கிட்டிக்கொண்டது. அப்படியும் அவள் கவலை வேறாக இருந்தது.

“ஸ்வெட்டரக் கழட்டிரு தாயி. பட்டுச்சேலை கட்டி என்ன பிரயோசனம், ஒண்ணும் தெரியல.”

“குளிருது மதினி” என்றாள் அத்தை. கழற்றவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. அத்தையைப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. அப்பா சிரித்துக்கூடப் பேசினார். அந்தம்மா அத்தையின் கையைத் தடவிப் பார்த்து, “ஸ்வெட்டரு நல்லாருக்கே, எங்க எடுத்தீக?” என்று கேட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள்.

“எதிர்வீட்டு அண்ணனோடது” என்றேன். “சித்திரைலயும் பொண்ணு பாக்க வந்தப்ப இதத்தான் அத்தை போட்டிருந்துச்சு.”

அந்தம்மா கையை எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா ஏரியைப் பார்த்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா அடிக்கவில்லை, கோட்டு மாதிரி போர்த்தியிருந்த துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். உள்ளதைத்தானே சொன்னேன் என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தை இலையோடு ஒரு கட்டு கேரட் வாங்கி என் கையில் கொடுத்தாள்.

மலை இறங்கியதும் வத்தலக்குண்டில் வெக்கை முகத்தில் அறைந்தது. “இன்னுமா குளிருது ஒனக்கு?” என்று அம்மா கேட்டதற்கு அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவுக்குள் நுழைந்தபோது அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

எதிர்வீட்டு அண்ணன் வாசலில் நின்றார். அவரை மாமா என்று கூப்பிடுவதற்கு இன்னும் ஒரு வருடமும், அப்பாவின் பெருங்கோபமும் பாக்கி இருந்தன. அத்தை ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுப்பாள் என்று பார்த்தேன். அவள் நேரே எங்கள் வீட்டுக்குள் போய்விட்டாள். இரவல் பொருளைத் திருப்பித் தராமல் போகிறாளே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவளுக்காக ஒரு பொய் சொன்னேன்.

“அத்தைக்கு இன்னும் குளிருதாம்ண்ணே. நாளைக்குத் தருமாம்.”

அவர் சிரித்தார். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்து வீட்டுக்குள் ஓடினேன்.