கவுஞ்சிக்குப் போய்த் திரும்பிய ஊசி

ஊசி குத்துறது ஒரு நொடி வேலை. அதுக்குச் சரின்னு சொல்ல வைக்கிறதுக்குள்ளதான் நமக்கு உசுரு போயிட்டு வருது. தோள்ல ஐஸ் பெட்டியோட மலை ஏறி இறங்குற என் சக நர்சுகளே, உங்களுக்குத் தெரியாததா!

அதே முகம், அதே பை

கவுஞ்சி மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல தாய்மாரைக் கூட்டி வச்சு, "பதினாலு வயசுப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி. பின்னாடி கர்ப்பப்பை வாயில கேன்சர் வராமத் தடுக்கும்"னு தொண்டை வறளச் சொன்னேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க. பாக்காம என்ன செய்வாங்க? குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேத்தவளும் நான்தான், வீடு வீடா மாத்திரை குடுத்தவளும் நான்தான். இந்தப் பையில இருந்து எது வந்தாலும் பிள்ளை பெறாம இருக்கத்தான்னு ஊரே முடிவு கட்டியிருந்துச்சு.

முன்னால உக்காந்திருந்த மகேஸ்வரி, மக தர்ஷினி கையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. "ரெண்டோட போதும்னு ஆபரேஷனுக்கு என்னைய ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போன ஆளுதான நீங்க? இப்ப எம்மக வயித்தையும் அடைக்க வந்துட்டீங்களாக்கும்!"

கருகலுக்கு முந்தி

விடுவேனா? மறுநாள் வெள்ளனே அவுக தோட்டத்துக்கே போயிட்டேன். மகேஸ்வரி புருஷன் செல்வம் முதுகுல டப்பாவைக் கட்டிக்கிட்டு உருளைக்கிழங்குச் செடிக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தாரு. இலையெல்லாம் பச்சைப் பசேல்னு கெடக்கு. "நோயே இல்லையே தம்பி, எதுக்கு மருந்து?"ன்னேன். "இலைக் கருகல் நோய் வந்தப்புறம் அடிச்சா ஆகுமா? முந்தியே அடிக்கணும்"னாரு. மாட்டினாருடான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். "அதைத்தான தம்பி நானும் சொல்றேன், பிள்ளைக்கும் முந்தியே போடணும்"னேன்.

மனுசன் டப்பாவைக் கூட இறக்கலை. "செடிக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டியதில்லைங்க."

பூண்டு எடுக்கிற நேரம்

கொஞ்ச மாசம் கழிச்சு, மகேஸ்வரி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு பூண்டு காயப் போட்டுக்கிட்டு இருந்தா. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. தனியா கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டேன். நாள் இல்லாத நாள்லயும் ரத்தம் படுதாம். நான் ஊசி போட்டுத் தடுக்கப் பாக்குற கேன்சருக்கும் அதுதான் அடையாளம். "வா, இப்பவே என்கூட வா. பரிசோதனை பண்ணிருவோம்"னு கையைப் பிடிச்சு இழுத்தேன், கெஞ்சினேன், திட்டவும் செஞ்சேன்.

"தீட்டு நிக்கப் போற வயசுல முன்னப்பின்ன அப்படித்தான் இருக்கும் நர்சம்மா. சோலி தலைக்கு மேல கெடக்கு, பூண்டை எடுத்துட்டு வர்றேன்."

மடிச்ச கை

பூண்டை எடுத்துட்டுத்தான் வந்தா. மதுரை ஆஸ்பத்திரியில அந்தக் கேன்சரேதான்னு சொல்லிட்டாங்க, முத்திப் போச்சுன்னும் சொல்லிட்டாங்க. வீட்டுக்குக் கூட்டியாந்த மறுநாளே ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னா. கட்டில்ல கெடந்தபடியே, "எம்மகளுக்குப் போட்டுருங்க நர்சம்மா, வெரசாப் போட்டுருங்க"ன்னு அழுதா. எதுக்குக் கூப்பிடுறான்னு எனக்குத் தெரியும்; அப்பன் சம்மதிச்சாப் போதும்னு ஐஸ் பெட்டியோடதான் போயிருந்தேன். தர்ஷினி சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்து நின்னா.

வாசல்ல நின்ன செல்வம் உள்ள வந்து மக சட்டைக் கையை இறக்கி விட்டாரு. அவரும் அழுதுக்கிட்டுத்தான் இருந்தாரு. "ஆத்தாளுக்கு என்ன நோயின்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சுங்க. இப்ப இவளுக்கு ஊசி போட்டா, இவளுக்கும் வந்துருச்சுன்னுதான பேசுவாங்க? அப்புறம் எவன் கட்டுவான்?"

நோயே இல்லாதப்ப வயித்தை அடைக்கிற ஊசின்னாங்க, நோய் வந்தப்புறம் ஊரு என்ன சொல்லும்னாங்க, ரெண்டுக்கும் நடுவுல நல்ல நாள் ஒண்ணு எங்கயாவது இருக்கணுமேன்னுதான் நானும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இன்னமும் கவுஞ்சிக்குப் போயிட்டு வர்றேன்.