மேல்பக்கத்து ஓடைத் தண்ணீர்

நான் பொய்த் தண்ணீர் கொடுத்தவன். கோல்ஃப் திடலைக் கடந்து வெளியேறும் ஓடையில் கீழ்ப்பக்கம் எடுக்க வேண்டிய நீரை, திடலுக்குள் நுழையுமுன் மேல்பக்கமே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஒருமுறை அல்ல... அங்கே வேலையில் இருந்த காலமெல்லாம்.

செடெனாக் பக்கம், செம்பனைத் தோட்டத்தை அழித்துப் போட்ட திடல் அது. புல்லுக்கு மருந்தடிக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நான்தான். தண்ணீர் எடுத்து அனுப்புவதும் என் பொறுப்பு. போட்டி வருகிறதென்றால் புல்லில் ஒரு பழுப்புப் புள்ளி தெரியக் கூடாது; பூஞ்சை மருந்தையும் உரத்தையும் அள்ளிக் கொட்டுவோம். சாயங்காலம் மழை பிடிக்கும். அத்தனையும் ஓடைக்குப் போகும்.

மேனேஜர் என்னைப் பொய் செய்யச் சொல்லவில்லை. "ரிசல்ட் நல்லா வரணும் லா" என்றார், அவ்வளவுதான். போத்தலை எங்கே நிரப்பினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையா? அந்த ஆள்மேல் எனக்கு இன்றைக்கும் சந்தேகம். என்மேல் மட்டும் இல்லையா என்ன! பயமா, சோம்பலா, மண்டோர் என்ற பவுசா... எதற்காகச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

திடலுக்குக் கீழே, எங்கள் தாமான் குடியிருப்பின் ஓரத்தில், அந்தோணி அந்த ஓடைநீரை இறைத்துக் கங்கோங் கீரை போடுகிறான். பக்கத்து வரிசை வீட்டுக்காரன். முதல் பாத்தி கட்டும்போது, "தண்ணி பரவாயில்லையாண்ணே?" என்று என்னைத்தான் கேட்டான்.

"டெஸ்ட் பண்ணதெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. தைரியமா போடு" என்றேன்.

அன்றிலிருந்து வாரந்தவறாமல் என் வீட்டுக்கு ஒரு கட்டு கீரை வருகிறது. மனைவி கண்ணில் படுமுன் குப்பையில் போட்டுவிடுவேன். நான் வேலையை விட்ட பிறகும் வருகிறது. எதற்கு இவ்வளவு பாசம்? திடல் ஆட்களில் எவனாவது அவனிடம் வாயை விட்டுவிட்டானா? கேட்டில் நின்று "சமைச்சீங்களாண்ணே?" என்று கேட்கும்போது என் முகத்தையே பார்க்கிறான். பார்க்கிறானா... எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

போன ஞாயிறு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் வந்திருந்தாள். முழுகாமல் இருக்கிறாள். தேவாலயத்திலிருந்து திரும்பிய அந்தோணி, கீரையை நேரே என் மனைவி கையில் கொடுத்துவிட்டான். அவள் பிளாச்சான் இறால் விழுது போட்டு வதக்கி, "உட்காரு தம்பி, சாப்பிட்டுப் போ" என்று அவனையும் உட்கார வைத்தாள்.

"புள்ளத்தாச்சிக்குக் கீரை நல்லதும்மா. நல்லா சாப்பிடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவன் என்னைப் பார்த்தான். சோதிக்கிறான்... நிச்சயமாகச் சோதிக்கிறான்.

ஆனால் அந்தோணி தன் தட்டில் கீரையைக் குவித்துக்கொண்டு வாய் நிறையச் சாப்பிட்டான். தெரிந்தவன் இப்படிச் சாப்பிடுவானா? அவனுக்கு ஒன்றுமே தெரியாது. இத்தனை காலமும் என் பேச்சை நம்பித்தான் தின்றிருக்கிறான், பெண்டாட்டி பிள்ளைகளோடு.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்...

மகள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். கீரைச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தவன் நான்தான்.