கஞ்சி போட்ட ஆப்பிள்

வட்டமான பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் விசிறி மாதிரி அடுக்கிய ஆப்பிள் துண்டுகள், இப்போதுதான் வெட்டியவை போல வெள்ளை வெளேரென்று இருக்கும். நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் பழுப்பேறிக் கறுத்துக் கிடக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் நான்; குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் கையில் அந்த டப்பா முதன்முதலாக வந்திருந்தால் ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்கியிருப்பேன். ஆனால் அந்தத் துண்டை வைத்தவர் என் நங்கை. தெரிந்தேதான் வைத்தார். நங்கை என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி.

அவர் பிறந்தது மங்கலத்தில், விசைத்தறி ஓடுகிற வீட்டில். கல்யாணமாகி மண்ணரைக்கு வந்தபின் எங்கள் கம்பெனியிலேயே தையல் மெஷினில் உட்கார்ந்தார். முதுகுவலி முற்றி, இனி குனிந்து உட்காரவே முடியாது என்றானபோது, பழம் வெட்டி டப்பாவில் போட்டு விற்கப்போவதாகச் சொன்னார். அண்ணன் சிரித்தார். சிரித்ததில் நியாயமும் இருந்தது. விடிகாலையில் வெட்டிய ஆப்பிள் டீ பிரேக்குக்குள் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிடும். நங்கை சளைக்காமல் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனார். வெட்டிய பழத்தின் மேல் சாப்பிடக்கூடிய மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்தால், அது காற்றை அண்டவிடாது, ஈரத்தையும் போகவிடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். “இதென்னங்க பிரமாதம், பாவுக்குக் கஞ்சி போடற மாதிரித்தானுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாராம். தறியில் ஏற்றுமுன் நூல் அறாமல் இருக்கக் கஞ்சியில் நனைத்தெடுக்கிற வேலையைப் பார்த்தே வளர்ந்தவர் அல்லவா!

அதன்பின் எங்கள் சமையலறை சாயப்பட்டறை ஆகிவிட்டது. முதலில் காய்ச்சிய ஜவ்வரிசிக் கஞ்சி கெட்டியாகிப்போய், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று வந்தன. “இதைத் திங்கறதா, குடிக்கறதா?” என்று அண்ணன் கேட்டுவிட்டு அடி வாங்காமல் தப்பினார். அடுத்த முறை தண்ணீராகி ஓடியது. கடைசியில் பதம் பிடிபட்டது. நீர்க்கக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, எலுமிச்சை பிழிந்து, துண்டுகளை முக்கியெடுத்து, சல்லடையில் வடித்து, ஃபேன் காற்றில் உலர்த்தி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மத்தியானம் திறந்தபோதும் வெள்ளையாகவே இருந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளைப்போலக் கைதட்டினோம்.

கெடுத்தது ஒரு வார்த்தைதான். கம்பெனி கேன்டீனில் டப்பாக்களை வைத்துவிட்டு, பெருமையாக, “கோட்டிங் போட்ட பழமுங்க, கறுக்காது” என்று எல்லோரிடமும் சொன்னார். வேறு ஊராக இருந்தால் வாயைப் பிளந்திருப்பார்கள். துணிக்கு என்னென்ன அடிக்கிறோம் என்று தெரிந்த ஊர் இது. “காலைல வெட்டுனது இன்னும் கறுக்கலைன்னா, அதுல என்னமோ இருக்குதுங்க” என்றார் சாயம் போடுகிற டையிங் மாஸ்டர். சாயங்காலத்துக்குள் ‘கெமிக்கல் பழம்’ என்று பெயராகிவிட்டது. டப்பாக்கள் அப்படியே திரும்பின. நாளைக்கும் இப்படித் திரும்பினால் இனி கொண்டுவர வேண்டாம் என்று கேன்டீன் மேனேஜர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து நங்கை அழுதார். மறுபடியும் தையல் மெஷினில் போய் உட்கார அந்த முதுகு தாங்காது என்பது எனக்கும் தெரியும்.

மறுநாள் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டுக்குக் கஞ்சி போடாமல் வைத்தார். கேன்டீன் வாசலில் நின்று, “பாயசத்துக்குப் போடற ஜவ்வரிசியும் எலுமிச்சையுந்தானுங்க. போடாததும் இருக்குது, போட்டதும் இருக்குது, நீங்களே பாருங்க” என்று சொல்லி, மிச்சக் கஞ்சியை எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். கோட்டிங் என்ற சொல் அன்றிலிருந்து அவர் வாயில் வரவில்லை. விற்கிற பழத்தில் தானே ஒரு கெட்ட துண்டை வைக்கிற வியாபாரியைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் வடக்கத்திய டெய்லர் பையன்கள். முதலில் வாங்கியவர்களும் அவர்களே. ‘காலா டப்பா’ என்று பெயர் வைத்தார்கள். கறுப்பு டப்பா. பிறகு டையிங் மாஸ்டரும் தலையைச் சொறிந்துகொண்டே வந்து ஒன்று வாங்கினார்.

இப்போது குன்னத்தூர் ரோட்டில் நங்கைக்குச் சின்னதாக ஒரு குளிர் அறை இருக்கிறது. முதுகு ஒத்துழைக்காமல் தையலை விட்ட பெண்கள் சிலர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு பெரிய கடையிலிருந்து ஆர்டர் வந்தது. கறுத்த துண்டு மட்டும் இருக்கக் கூடாது, பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார்களாம். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒத்துக்கொண்டார். அத்தனை பெண்களுக்கும் வேலை கொடுக்க வேண்டுமே என்றார். எனக்குக் கோபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தார். திறந்தால், நடுவில் கறுத்த துண்டு. உடனே போன் போட்டேன். “எங்க ஊட்டுக்கு எதுக்குங்க நங்கை இது? நாங்க உங்களை நம்ப மாட்டமா?”

“உங்களுக்கில்ல கண்ணு. கடைக்காரங்க சொன்னாங்கன்னு எடுத்துட்டேன். எடுத்தது எனக்கு மறந்து போயிரக் கூடாதில்ல” என்றார். அதற்குள் அங்கே யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

சுற்றியிருந்த வெள்ளைத் துண்டுகளை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுத்துத் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.