பக்கம் திருப்பாமல் படித்தவன்

வாசிக்க வராத பிள்ளைக்கு ட்யூஷன் எடுப்பது, வழுக்குமரம் ஏறுகிறவனைக் கீழே நின்று தாங்குகிற தொழில். அவன் சறுக்கும்போதெல்லாம் எண்ணெய் நம் தலையில்தான் வழியும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே வரியைச் சாயங்காலம் முழுக்கத் தேய்த்தவர்கள், தேய்த்துவிட்டு அடுக்களையில் போய் மூக்கைச் சிந்தியவர்கள், இதை மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றும்.

என் நிஜ உத்தியோகம் வேறு. எழுபதுகளில் ஜங்ஷனை ஒட்டிய தபால் பிரிக்கும் ஆபீசில் எனக்கு நிரந்தர இரவு டியூட்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூட்டை தூக்கச் சேர்ந்து, மூட்டைக்குள் இருந்த விலாசங்களைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் பிடித்து, பரீட்சை எழுதிப் பிரிக்கிற வேலைக்கு வந்தேன். காலையில் ஸ்ரீரங்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் பிடிக்காது. எழுந்து கொள்ளிடக் கரை வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். அப்படி அலைகிறவனுக்குச் சாயங்காலம் ஒரு பெரிய சுமை. அதை இறக்கிவைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிள்ளைகள் வந்தார்கள்.

கிறுக்கலுக்கு வைத்தியர்

முதலில் வந்தவள் பிலோமினா. மன்னார்புரத்தில் வீடு, அப்பா ஒரு காலேஜ் ஆபீசில் குமாஸ்தா. என்னோடு தபால் பிரிக்கும் மஜீத் பாய் அவர்களுக்கு அடுத்த வீடு. அந்தப் பெண் எழுதுவதை டீச்சராலேயே படிக்க முடியவில்லையாம். எவன் கிறுக்கினாலும் படித்துவிடுகிற ஆள் எங்கள் ஆபீசில் இருக்கிறான் என்று பாய் சொல்லிவிட்டிருக்கிறார். அம்மாக்காரி டவுன் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளையின் முட்டியில் ஜல்லியில் முட்டி போட்ட தழும்பு, புதிதும் பழையதுமாக.

விடைத்தாளைப் பார்த்தேன். படிக்க முடிந்தது. விடை சரியாகவே இருந்தது. எழுத்துகள் எல்லாம் வந்திருந்தன, முன்னது பின்னதாக, பின்னது முன்னதாக. ஆபீசில் மஜீத் பாயிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கட்டைப் பிரித்தபடியே சொன்னார்: “ஊரை மேல எழுதி, பேரைக் கீழ எழுதிட்டான்னு நாம தபாலைத் திருப்பியா அனுப்புறோம்? கொண்டுபோய்க் கொடுக்கத்தானே செய்யுறோம்.”

தேன் மாதிரி வாசிப்பு

இரண்டாவது, வரதன். உத்தர வீதிப் பையன். அப்பா சடகோபன் சுவாமி, கோயிலில் கோஷ்டியோடு நின்று பாசுரம் சேவிப்பவர். கோஷ்டியில் நின்று வயிறு நிறைவதில்லை, ஒரே பிள்ளை பள்ளிக்கூடம் தேறி ஏதாவது ஆபீசில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. பையனோ ஐந்தாவதிலேயே நின்றுகொண்டிருந்தான். இந்த முறையும் பெயிலானால் சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியாகிவிட்டது. மெட்ராஸில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் பெரியப்பா, பாத்திரம் தேய்க்கப் பையன் வேண்டும் என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பையனுக்கு மெட்ராஸ் என்ற பேச்சை எடுத்தாலே உதடு வெளுத்துவிடும்.

புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். அப்படி ஒரு குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, தேன் மாதிரி வாசித்தான். இவனை யார் வாசிக்கத் தெரியாதவன் என்றது என்று எனக்குக் கோபமே வந்தது. அருகில் உட்கார்ந்திருந்த பிலோமினா மட்டும் பாடத்தைக் கேட்கவில்லை, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: “சார், அவன் பக்கத்தைத் திருப்பவே இல்ல. ஆனா அடுத்த பக்கத்தையும் படிச்சுட்டான்.”

தும்பிக்கை

ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு பழைய அடுக்கு என்னிடம் இருந்தது. ஊர் ஊராகத் தபாலைப் போடுகிற சின்னச் சின்ன அறைகள் கொண்ட மரச்சட்டம். எங்கள் வேலையில் கொஞ்ச நாளில் கண்ணுக்கு முன்னால் கை போய்விடும். கும்பகோணம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. இவர்களுக்கும் கை பழகினால் கண் பின்னால் வரும் என்று ஒரு நப்பாசை. அறைக்கு ஒரு எழுத்து ஒட்டினேன். ஒரு தாம்பாளத்தில் காவேரி மணலைப் பரப்பி, எழுத்தை விரலால் எழுதி, அந்த எழுத்துள்ள அட்டையை எடுத்து, அதற்குரிய அறையில் போட வேண்டும். பிலோமினா கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டாள். வரதனுக்கு இன்று உட்கார்ந்த எழுத்து நாளை எழுந்து போய்விடும்.

தப்பாமல் அவன் போட்டது ஒரே அறையில்தான். அப்போதெல்லாம் லை, னை எழுத்துகளுக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். தினமும் கோயில் யானையைப் பார்க்கிறவன், அதைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். புத்தகத்தில் எங்கே அது வந்தாலும் விரலை வைத்து, அங்கிருந்து முன்னும் பின்னும் தடவி, ஒரு வார்த்தையை எட்டிப் பிடிப்பான். ஆற்றில் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு குளிப்பது மாதிரி. அந்தச் சமயம் பார்த்து அரசாங்கம் எழுத்தைத் திருத்தியது. புதுப் புத்தகம் வந்தது. முதல் பக்கம் முழுக்க விரலால் தேடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்: “அதையும் எடுத்துட்டாளா, சார்?”

சந்தை

பையன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான் என்று சடகோபன் சுவாமியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பதறுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. அவர்கள் வீட்டில் பாசுரம் கற்றுக்கொடுக்கும் முறைக்குச் சந்தை என்று பெயர். கற்பிக்கிறவர் ஒரு தரம் சொல்வார், கற்கிறவன் இரண்டு தரம் திருப்பிச் சொல்வான். ஏட்டைப் பார்ப்பதே கிடையாது. வரதன் அதில் சூரன். வயதுக்கு மூத்தவர்களெல்லாம் தடுமாறுகிற இடத்தில் அவனைத்தான் பார்ப்பார்களாம்.

மறுநாள் முதல் அவர் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். ஐந்தாவது வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைச் சந்தை சொல்லிவைத்தார். அட்டையிலிருந்து அட்டை வரை. கோயிலிலிருந்து வந்து ஈரம் காயாத தலையோடு, உழவர் பாடமும், உடல்நலப் பாடமும், பாடத்துக்கு அடியில் இருக்கும் கேள்விகளும் கூட அவர் ஒரு தரம், இவன் இரண்டு தரம். பிள்ளையை அவர் அடித்ததேயில்லை. தொண்டை கட்டும் வரை கூட உட்கார்ந்தார். அதனால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. எழுத்துத் தெரியாமல் மேல் வகுப்பில் என்ன செய்வான் சுவாமி என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார்: “உள்ளே இருக்கறதை எதுக்கு சார் வெளியே தேடணும்?”

இன்ஸ்பெக்டர் மெச்சிய நாள்

முழுப் பரீட்சைக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்தார். ஹெட்மாஸ்டர் வகுப்பிலேயே நல்ல வாசிப்பு யாருடையது என்று யோசித்து வரதனை எழுப்பிவிட்டார். வரதன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். இப்போது வேண்டிய இடத்தில் பக்கத்தையும் திருப்பினான். அதையும் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டி ஒரு பேனா கொடுத்தாராம். அந்த மெப்பில் ஆறாவதுக்குத் தள்ளிவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கப் பையன் வர மாட்டான் என்று மெட்ராஸுக்குச் சேதி போயிற்று. உத்தர வீதியில் எனக்கும் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது.

நான் மட்டும் ஒரு பைத்தியக்காரனைப் போல ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். பையனை என்னிடம் தொடர்ந்து அனுப்பச் சொல்லுங்கள், இன்னும் ஒரு வருஷம் மணலில் எழுதினால் கை பிடித்துக்கொள்ளும் என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்: “இவ்வளவு அழகா வாசிக்கிற பையனுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு வெளியில சொல்லாதீங்க, பெத்தவங்க மனசு கஷ்டப்படும்.”

பிளாட்பாரம்

ஆறாவதில் புத்தகம் ஒன்றல்ல, ஒரு கட்டு. இங்கிலீஷ் வேறு. சடகோபன் சுவாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாததைச் சந்தை சொல்ல முடியாது. காலாண்டுக்குள் சாயம் வெளுத்துவிட்டது. படித்துக் காட்டியவன் வேண்டுமென்றே எழுத மறுக்கிறான், திமிர் என்று முடிவு கட்டினார்கள். அடி வாங்கி விரல் கணுக்கள் வீங்கிப் போய், மணல் தாம்பாளத்தில் விரலை வைக்கவே முடியாமல் மறுபடி என்னிடம் வந்தான். பொங்கல் வரை வந்தான். இரண்டெழுத்து வார்த்தை, மூன்றெழுத்து வார்த்தை, ஒவ்வொன்றும் பிரசவம். ஆனால் வந்துகொண்டிருந்தது, சத்தியமாக வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் காத்திருக்கவில்லை. சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் டியூட்டிக்குப் போகும்போது ஜங்ஷனில் அப்பாவையும் பிள்ளையையும் பார்த்தேன். கையில் ஒரு துணிப்பை. வரதன் ரயில் பெட்டியில் மாட்டியிருந்த ஊர்ப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டான். ரயில்காரர்கள் இன்னும் பலகையை மாற்றி எழுதியிருக்கவில்லை. அதில் அவனுடைய தும்பிக்கை அப்படியே இருந்தது. விரலை அதன் மேல் வைத்தான். அங்கிருந்து பின்னால் தடவிப் போய் மறுபடி முன்னால் வந்தான். செ, என்றான். மூச்சு விட்டான். சென், என்றான். யாரும் சொல்லிக் கேட்காமல் அவன் தானாக வாசித்த முதல் வார்த்தை அது. சென்னை என்று முடிக்கும்வரை நான் நின்றேன். சடகோபன் சுவாமி பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஏறுடா. வண்டி எங்க போறதுன்னு எனக்குத் தெரியும்.”

பெயர் வந்தது

எண்பதுகளின் கடைசியில் கைலாசபுரத்தில், டவுன்ஷிப் பிள்ளைகளுக்காக வெளியூர் டாக்டரம்மா ஒருவர் வந்து பேசினார். பிலோமினாதான் என்னை அழைத்துப் போனாள். அவள் தட்டுத்தடுமாறி பத்தாவது தேறி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். தம்பிக்கும் அவளுக்கிருந்த அதே கோளாறு. அவன் முட்டியிலும் ஜல்லி.

டாக்டரம்மா அதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர் சொன்னார். புத்திக்குறைவு இல்லை, திமிர் இல்லை, பிறவியில் மூளை எழுத்தைப் பிடிக்கும் விதம் வேறு என்றார். மணலில் எழுதச் சொல்லலாம், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது பஸ் ஜங்ஷனை நெருங்குகையில் பிலோமினா கேட்டாள்: “பேரு வச்சுட்டாங்கல்ல சார், இனிமே தம்பியை அடிக்க மாட்டாங்கதானே?”

அடுப்படி

அதற்கு அடுத்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவப் போனபோது கொல்லைப்பக்கத்துக் கோட்டை அடுப்பருகில் வரதன் நின்றான். முன்கை இரண்டிலும் எண்ணெய் தெறித்த வடு. பெரியப்பா போய்விட்டார், இப்போது சாம்பார், ரசம் இவன் பொறுப்பாம். அளவெல்லாம் மனசிலேயே இருக்கிறதாம். மளிகைச் சாமான் வந்திறங்கினால் வாசித்துச் சரிபார்க்க மட்டும் ஒரு ஆளைக் கூட வைத்துக்கொண்டிருக்கிறானாம். அப்பா காலமாகிவிட்டார். பாசுரம் சொல்வதுண்டா என்று கேட்டேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினான். புகை. அந்தக் குரல் இருந்த இடத்தில் ஒரு கரகரப்பு.

சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன். பிறகு சொன்னேன். உன் பேரில் தப்பே இல்லையடா, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, டாக்டரே சொன்னார், டிஸ்லெக்ஸியா என்று. கரண்டியைக் கீழே வைத்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்த மாதிரி உடம்பை நிமிர்த்திக்கொண்டான். நான் ஒரு தரம் சொன்னதை, அந்தக் கரகரத்த குரலில், ஓர் எழுத்துப் பிசகாமல் இரண்டு தரம் திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டான்: “பாடமாயிடுத்து, சார்.”

எத்தனையோ கிறுக்கல் விலாசத் தபால்களை உரிய வீட்டில் சேர்த்தவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர் உண்டு, ஆனால் இந்த ஒன்று மட்டும் ஆள் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகுதான் போய்ச் சேர்ந்தது.