அக்காவின் கைகளைப் பார்க்க வந்தவர்

கடலூரிலிருந்து ஓர் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், பெரியவளைப் பற்றிப் பேச வேண்டும் என்று தையல் டீச்சர் கடைத்தெருவில் நைனாவைப் பார்த்துச் சொன்னார். பதினேழு வயதுப் பெண் இருக்கிற வீட்டில் இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? உளுந்து வாங்கப் போன நைனா உளுந்தை மறந்துவிட்டு ரவையும் சர்க்கரையும் முந்திரியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

செஞ்சியில் அந்த அறுபதுகளில் ஆபீசர் மாப்பிள்ளை என்பது லேசுப்பட்ட காரியமா? எங்களுக்கு இருந்தது கோட்டைக்குப் பின்புறம் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் கடன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். அம்மா தன் கல்யாணப் பட்டுப்புடவையை வெயிலில் உலர்த்தினாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகள் வந்தன. எனக்கு எட்டு வயது. யார் வந்தால் என்ன, கேசரி எப்போது இறங்கும் என்பதுதான் என் கவலை.

அக்காதான் ஆச்சரியப்படுத்தினாள். இதற்கு முன் திண்டிவனத்திலிருந்து ஒரு கூட்டம் பெண் பார்க்க வந்தபோது, தலைவலி என்று படுத்துக்கொண்டவளை அம்மா கையைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவளே விடியலில் எழுந்து தலைக்குக் குளித்தாள். புடவையைக் கட்டிவிட்டபோது வாயைத் திறக்கவில்லை. கனகாம்பரத்தை வைத்துவிட்டபோது பேசாமல் தலையைக் குனிந்து கொடுத்தாள். ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னை வாசலுக்கு விரட்டினாள்.

"நைனா மூஞ்சி எப்டி இருக்குது, பாத்துட்டு வாடி."

நைனாவின் முகம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியே வந்து சொன்னேன். வெட்கப்படுகிறாள் என்று அம்மா பூரித்துப்போனாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு விஷயம் முழுக்கத் தெரியும் என்பதும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டு பட்டுப்புடவைக்குள் புகுந்தாள் என்பதும் எங்களில் யாருக்குத் தெரியும்! உண்மையைச் சொல்லியிருந்தால் நைனா அந்த மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

டீச்சர் வந்தார். அவருக்குப் பின்னால் குடையும் ஒரு தகரப்பெட்டியுமாக, காதோரம் நரைத்த ஒருவர் வந்தார். அம்மா அவருக்கும் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். கூட யாரும் வரவில்லையா என்று நைனா தயங்கிக் கேட்க, ஊர் ஊராகப் போகும்போது பெட்டிதான் துணை என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். எத்தனை வருஷ சர்வீஸ், சொந்த ஊர் எது என்று நைனா சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், எனக்கு மூன்று பிள்ளைகள், பெரியவன் காலேஜில் படிக்கிறான் என்று அவரே சொன்னார்.

கேசரித் தட்டோடு வந்த அம்மா பாதி வழியில் நின்றுவிட்டாள். ரெண்டாந்தாரமாக அல்லவா கேட்கிறான் பாவி என்று தனக்கு வயிறு எரிந்ததாக அவள் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அக்காவின் பட்டுப்புடவையைப் பார்த்ததும் டீச்சருக்கு விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். அவசர அவசரமாக அவரே பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகளுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று சோதித்துச் சொல்ல அரசாங்கம் அனுப்பியிருக்கிற ஆபீசர் இவர். செஞ்சி, அனந்தபுரம், மேல்மலையனூர் என்று இந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இவர் ஒருத்தர்தான். போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சோதனை வைத்தார். அதில் அக்காவின் கை வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பெங்களூரில் கைக்கடிகாரம் செய்கிற பாக்டரி ஒன்று இருக்கிறது. பெண்பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, ஹாஸ்டலும் கொடுத்து, பிறகு வேலையும் கொடுக்கிறார்கள். பெற்றவர்கள் சரி என்றால் போதும், மீதியை இவர் பார்த்துக்கொள்வார்.

அம்மா கேசரித் தட்டோடு நைனாவைப் பார்த்தாள், நைனா டீச்சரைப் பார்த்தார். ஆபீசருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. நீங்களே பாருங்கள் என்று உற்சாகமாகப் பெட்டியைத் திறந்து, சின்னச் சின்னத் துளைகள் போட்ட ஒரு பலகையையும் ஒரு கிண்ணம் நிறையப் பித்தளை ஊசிகளையும் எடுத்துத் தரையில் வைத்தார். ஊசிகளை மும்மூன்றாகக் கையில் அள்ளி ஒவ்வொரு துளையிலும் நட வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

அக்கா வளையல்களைக் கழற்றி என் மடியில் போட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் அவள் கைகள் கிளம்பின. அந்த வேகம் எனக்குப் புதிதில்லை. விதை மல்லாட்டையை உடைக்கும்போது உள்ளே இருக்கிற சிவப்புத் தோல் கிழியக் கூடாது, கிழிந்தால் முளைக்காது. தெருவில் எல்லோரும் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருக்க, அக்கா இரண்டு கையாலும் உடைத்துத் தள்ளுவாள். அந்தக் கைகள்தான் இப்போது பலகை மேல் ஓடின. ஊசி ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

நைனா தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசி ஊசி இறங்கியதும், எங்கள் வீட்டு விதை முழுக்க இவள் உடைத்ததுதான் என்று ஆபீசரிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த நிமிஷத்தோடு எல்லாம் நின்றுபோயிருக்கக் கூடாதா என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அக்கா நிமிர்ந்து நைனாவை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"நான் போறேன் நைனா," என்றாள்.

நைனா அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பெண் பார்க்கிற செய்தி கேட்டு வந்த தெருப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோங்க," என்றார்.

ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். புதன்கிழமைவரை செஞ்சியில்தான் இருப்பேன், அதன் பிறகு மேல்மலையனூர் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள் என்று கும்பிட்டார். இன்னொரு கரண்டி கேசரியும் வாங்கிச் சாப்பிட்டார். பாவம், படித்த மனிதர். பெண் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், பிடிக்கவில்லை என்பதை முகம் கோணாமல் சொல்வதற்கு வைத்திருக்கிற வாசகம் அது. பெண்ணைப் பெற்ற நைனாவுக்கு அதைக் கேட்டுத்தான் பழக்கம். சொல்லுகிற இடத்தில் அவர் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

நைனாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அன்று அவர் சாப்பிடாமல் கழனிக்குப் போனவர், பொழுது சாய்ந்துதான் வந்தார். ஆனாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. அக்காவை அடுத்த வருஷமே அனந்தபுரத்தில் கொடுத்தார்கள். நல்ல மனிதர், நல்ல வீடு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு தடவை பெங்களூரில் என் மகள் வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தேன். ரயிலை விட்டு இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, அந்த பாக்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமையைப் பற்றி. மூன்று நாளாக நான் அக்காவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். யாரை அனுப்பப் போகிறார்கள், எப்போது அனுப்பப் போகிறார்கள், வேண்டுமானால் நானே டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். சும்மா இருடி என்றாள் அவள். அன்று மத்தியானம் மேல்மலையனூர் பஸ் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீடு வந்ததும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸோடு ஓடினேன்.

"சார், நைனா கண்டிப்பா சொல்லி அனுப்புவாரு சார்!"

அவர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி, சரி என்று தலையாட்டினார். செஞ்சியிலேயே அந்த வார்த்தையை நம்பியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பஸ் மறைகிறவரை கையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு ஆன பிறகும் இவள் ஏன் அழுகிறாள் என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

"இன்னாத்துக்குக்கா அழுவுற? அதான் நான் சொல்லிட்டேனே," என்றேன்.